எட்டாவது கிணறு

முகம் சிவந்தால் இரண்டே அர்த்தம் எங்கள் மொழியில்.
கோபம். அல்லது வெட்கம்.
மூன்றாவதற்குச் சொல் இல்லை.
மாநிறக்காரி எனக்கு அந்தச் சிவப்பும் இல்லை;
செம்புக் குடத்தின் அடியில் கரி பிடித்தாற்போல்
இரண்டு கன்னமும், மூக்கின்மேல் ஒரு பாலமும்.

மின்சார சபையில் மூன்றாம் நம்பர் யன்னல் என்னுடையது.
"மிஸ் இண்டைக்கு ஏதோ கோபம் போல" என்று
பில் கட்ட வந்தவர்கள்
இரண்டாம் நம்பரில் போய் வரிசை நின்றார்கள்.
அங்கே ரிஸ்மியா. பாவம், கை ஓயவில்லை அவளுக்கு.
எனக்குக் கோபமில்லை.
பத்தரைக்குச் சுடச்சுடப் பிளேன்ரீ குடித்திருந்தேன்,
அவ்வளவுதான்.

மத்திய வீதிக் கடையில் வாங்கிய கிறீமை
இரண்டு வருடம் பூசினேன்.
டப்பியில் பெயர் இருந்தது, உள்ளே என்ன என்று இல்லை.
ஒரு கிழமையில் வெள்ளை என்றார்கள்.
வெளுத்ததும் உண்மை.
தம்பியின் கல்யாணப் படத்தில் நான் வேறு யாரோ.
பிறகு தோல் அதைக் கேட்டு அழத் தொடங்கியது;
ஒருநாள் பூசாவிட்டால்
கொச்சிக்காய் அரைத்த கையால் யாரோ தடவியதுபோல.

திருமலை ஆஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டர் ஹசந்தி
கண்ணாடித் துண்டொன்றைக் கன்னத்தில் வைத்து அழுத்தினார்.
எடுத்தார். பார்த்தார். மறுபடி அழுத்தினார்.
"உள்ளுக்கு இருக்கு," என்றார்
யோசித்து யோசித்துத் தமிழில்,
"வெளியே பார்க்கிற ஆக்களுக்கு விளங்காது."
ரொசேசியா.
தெரிந்த பூவொன்றின் பெயரை
யாரோ பிழையாக உச்சரித்ததுபோல் இருந்தது.
கடைக் கிறீமை நிறுத்தச் சொன்னார்.
"நிறுத்தினால் முதலில் கூடும். பயப்படாமல் வாங்கோ."
இது மாறாது, அடங்கும் என்றும் சொன்னார்.
அந்த இரண்டு வினைச்சொற்களையும்
உப்புவெளி வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

கூடியது.

அந்த மாதம்தான் மாமாவின் முப்பத்தொன்று.
கன்னியா. ஏழு கிணறு, ஏழு சூடு.
வாளி கைமாறிக் கைமாறி வர
எல்லோரும் தலையில் ஊற்றினார்கள்.
நான் காலை மட்டும் நனைத்தேன்.
"செத்தவருக்கு முழுகவும் வடிவு பாக்கிறாள்"
சின்ன மாமி மெல்லத்தான் சொன்னா,
கிணற்றுச் சுவர் பெரிதாகச் சொன்னது.
நெற்றி ஆறியிருந்தது. தாடை வெதுவெதுப்பு.
கன்னத்தில் கைவைக்க முடியவில்லை.
எட்டாவது கிணற்றைச் சுமந்துகொண்டு நின்றேன்,
இறைக்க வாளி இல்லாமல்.

இரவில் முகம் கழுவி, தேய்க்காமல் ஒற்றி,
கால்மணி நேரம் காயவிட்டு
கடலை அளவு மெட்ரோனிடசோல் ஜெல்.
ஐந்து புள்ளி வைத்துப் பரவ வேண்டும்.
புள்ளிகளோடு கண்ணாடி முன் நிற்கையில்
பஸ் ஸ்ராண்டில் வாழைப்பழத் தோல் தின்னும்
மான்கள் ஞாபகம் வரும்.
அவற்றுக்கு யாரும் சீட்டு எழுதவில்லை.
காலையில் வேறொரு கிறீம். அது கடிக்கும்.
அதன்மேல் வெயிலுக்கு ஒன்று. அது சாம்பல் பூசும்.
ஆஸ்பத்திரியில் ஜெல் முடிந்தது, வெளியில் வாங்கச் சொன்னார்கள்.
வெளியில் ஒரு ரியூப்,
யோகதாசனின் மோட்டார்சைக்கிளுக்கு ஒரு கிழமைப் பெற்றோல்.
அடியிலிருந்து உருட்டினேன்,
மேசை விளிம்பில் வைத்து இழுத்தேன்,
கடைசியில் கத்தரியால் வெட்டித் திறந்தபோது
உள்ளே இன்னும் நாலு இரவு இருந்தது.

பன்னிரண்டு கிழமை என்று கணக்கு.
ஒன்பதாவதில் ஒன்றுமில்லை.
பத்தாவதில் ஒரு செவ்வாய்க்கிழமை
ரிஸ்மியா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்:
"என்ன, வரிசை உங்கட பக்கம் நீளுது?"

வெயில் சாய்ந்தபின்தான் இப்போதும் டச்சுக் குடாவுக்குப் போவோம்.
மணலில் இருந்து அவர் காதுக்குள் ஏதோ சொன்னார்.
கன்னம் சூடானது.
"எரியுதோ?" சட்டென்று கையை எடுத்தார்.
தெரியேல்லை, என்றேன்.
காற்று வந்த பக்கம் முகத்தைத் திருப்பி
அடங்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்,
அடங்க வேண்டாம் என்றும் கொஞ்சம்.
மாங்காய்க்காரன் வந்து, தூள் போடவா என்றான்.
இவருக்கு மட்டும் போடுங்கோ, என்றேன்.